அக்கா கையெழுத்துப் போடாத லாட்

சூப்பர்வைசர் பேனாவை நீட்டியபோது அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. அந்த அறையில் யாருக்கும் கண்ணைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியாது. அக்காவின் கண்கள் பேனாவைப் பார்க்கவில்லை, நீட்டிய ஆளைப் பார்த்தன. அரை நிமிடம் இருக்கும். பிறகு பேனா என் பக்கம் திரும்பியது. நான் வாங்கிக்கொண்டேன். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, இதை வேறு விதமாகச் சொல்ல எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அக்கா மறுத்தார், நான் போட்டேன்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நாங்கள் கணினிக்கான ஹார்ட் டிஸ்க் செய்தோம். அக்கா எங்கள் லைனின் லீடர். பாடாங் செராய்க்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கர், எங்களை எல்லாம்விட ஒரு சாண் உயரம். பதினைந்து வயதில் ரப்பர் பால் மரம் சீவப் போனவர், தொழிற்சாலை திறந்ததும் முதல் கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாத ஜப்பானிய இஞ்சினியர்கூட "அக்கா-சான்" என்பார். லைனுக்குள் தூசு போகக்கூடாது என்பதால், உடை மாற்றும் அறையில் நாங்கள் பவுடரையும் பொட்டையும் திருநீற்றையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அக்கா சங்கிலியைக் கழற்றி லாக்கரில் வைப்பார். பிறகு நெற்றியில் விரலால் ஒரு சிலுவை வரைந்துகொள்வார். அதில் தூசு இல்லை, அதனால் யாரும் தடுக்கவில்லை.

எங்கள் லைனில் நடந்தது ஜோடி சேர்க்கும் வேலை. கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள், அவற்றை டிஸ்க் என்போம். அந்தத் தட்டின் மேல் தொட்டும் தொடாமலும் பறந்து எழுதுகிற ஒரு துணுக்கு, அது ஹெட். எள்ளைவிடச் சிறிது. பார்வைக்கு எல்லா டிஸ்க்கும் ஒன்றுதான், எல்லா ஹெட்டும் ஒன்றுதான். ஆனால் மெஷினில் அளந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும். நான் சேர்ந்த முதல் வாரத்தில் பயிற்சி வகுப்பில் ஒரு இஞ்சினியர் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அக்கா கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் சொன்னார்: "சில ஹெட்டு அழுத்தி எழுதும். சிலது மெல்லத்தான் எழுதும். அதே மாதிரி டிஸ்க்குல கெட்டி இருக்கு, இளசு இருக்கு. கெட்டியில மெல்ல எழுதினா ஏறாது. இளசுல அழுத்தி எழுதினா பக்கத்துல இருக்கிறதையும் சேத்து அழிச்சிடும். எதுக்கு எது சேரும்னு செவுத்துல அட்டை இருக்கு. அட்டைய மட்டும் பாரு, ஆளப் பாக்காத."

கடைசி வார்த்தைகளை அப்போது நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தொகுதிக்கும், அதாவது ஒவ்வொரு லாட்டுக்கும், ஒரு கார்டு உண்டு. தூசு உதிராத நீலத் தாள். எந்த ஹெட், எந்த டிஸ்க், சேர்த்தது சரிதான் என்று லீடர் கையெழுத்துப் போட்டால்தான் லாட் அடுத்த அறைக்கு நகரும். லீடர் இல்லாவிட்டால் அவருக்கு அடுத்தவர் போடலாம். அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தவரே அக்காதான். "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்ல கண்ணு" என்று ஆபீசில் சொல்லி, இரண்டு முறை எழுதிக் கொடுத்து, என்னை நிரந்தரமாக்கியிருந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தார். தம்பிகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவள் நான்.

அந்த வாரம் இளசு டிஸ்க் வந்து சேரவில்லை. கெட்டி டிஸ்க் அலமாரி நிறைய இருந்தது. ஹெட்டோ, மெல்ல எழுதும் ரகமாகவே பெட்டி பெட்டியாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏற்ற வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் சுங்கை பட்டாணிக்காரர், தமிழர்தான், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கெட்டி டிஸ்க்கையும் மெல்ல எழுதும் ஹெட்டையும் சேர்த்து ஓட்டச் சொன்னார். ஜோடி சேர்த்து மூடிய முழுப் பெட்டியை டிரைவ் என்போம்; இருநூறு டிரைவுக்கு மேல் செய்து முடித்த பிறகுதான் அக்கா விடுமுறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

"ஏன்லா நிப்பாட்டுற? டெஸ்ட் ரூம்ல எல்லாம் பாஸ் ஆகுது" என்றார் அண்ணன்.

"டெஸ்ட் ரூம் கூலிம்ல இருக்குண்ணே. இந்தச் சாமான் கூலிம்லயா ஓடப் போகுது? குளிர் ஊருக்குப் போகுது. குளிர்ல டிஸ்க் இன்னும் கெட்டியாகும்."

"அது இஞ்சினியர் பாக்க வேண்டியது."

"அப்ப இஞ்சினியரக் கூப்பிடுங்க. இல்ல, பத்து டிரைவக் குளிர்ப் பெட்டியில வைங்க. பாஸ் ஆச்சுன்னா நானே போடுறேன்."

இஞ்சினியர் பினாங்குக்குப் போயிருந்தார். அண்ணன் பத்து டிரைவும் எடுக்கவில்லை. அக்காதான் எடுத்தார். சோதனை அறையில் வேலை செய்த மலாய்க்காரத் தோழியிடம் கொடுத்து, குளிர்ப் பெட்டியில் வைக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் விடை வந்தது. பத்தில் நான்கு, தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்க முடியாமல் நின்றுவிட்டன. அந்தத் தாளை அக்கா மேசைமேல் வைத்தார். அண்ணன் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் ஏன் போட்டேன் என்று பல காரணங்களைப் பல வருடங்கள் அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் இடுப்பு ஒரு காரணம். நிரந்தரம் ஒரு காரணம். பெரியவர் நீட்டியதை வாங்கிப் பழகிய கை இன்னொன்று. எல்லாம் உண்மைதான். ஆனால் கார்டில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனதில் இவை எதுவும் ஓடவில்லை. இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற ஒன்றுதான் ஓடியது. அக்கா என்னைத் திட்டவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. காரணம் கேட்டுக் கொடுக்கும் கடிதம், கம்பெனி சாப், அதாவது முத்திரை, குத்தி. லாட்டை விடச் சொல்லி மேலதிகாரி இட்ட உத்தரவை மறுத்தது ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள். அக்கா பதிலை மலாயில் ஒரே வரியில் எழுதினார்: சேரக்கூடாத ஹெட்டையும் டிஸ்க்கையும் சேர்த்திருந்தார்கள், அதனால் மறுத்தேன். அந்த வாரத்துக்குள் அவரைத் தட்டு கழுவும் அறைக்கு மாற்றினார்கள். பாகங்கள் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை வெந்நீரில் அலசி அடுக்கும் வேலை. ஆறு வருடம் லீடராக இருந்தவர் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். கேன்டீனுக்கு வரும்போது விரல்கள் ஊறிச் சுருங்கியிருக்கும். அதை அவர் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. முன்பைவிடச் சத்தமாகச் சிரித்தார் என்றுதான் நினைவு.

பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. அந்த நாளுக்குப் பிறகு நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. பாடாங் செராய் வரும்வரை அந்தக் காலி இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஐந்து மாதம் கழித்து டிரைவுகள் திரும்பி வரத் தொடங்கின. குளிர்ந்த காலையில் கணினியைப் போட்டால் ஓடவில்லை என்று புகார். எந்த லாட் என்று தேடினார்கள். கார்டில் என் பெயர் இருந்தது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், ஆள்சேர்ப்புப் பிரிவின் அதிகாரி அம்மா, அண்ணன், மூன்று பேர். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. என் கவனக்குறைவால் தவறான டிஸ்க்குகளை எடுத்துச் சேர்த்துவிட்டேன் என்று நானே ஒப்புக்கொள்ளும் கடிதம். கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போகும், இல்லாவிட்டால் வேலை போகும் என்றார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்திலும் நான் போட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. அக்கா ஏப்ரனோடு நின்றார். முழங்கை வரை ஈரம். தரைவிரிப்பில் தண்ணீர் சொட்டியது. யாரும் கூப்பிடவில்லை. கேன்டீனில் பேச்சு அடிபட்டதும் நேராக வந்திருந்தார். ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நான்காக மடித்த தாள். அவர்கள் அவருக்குக் கொடுத்த அதே கடிதம்.

மேனேஜரிடம் அவர் மலாயில் பேசினார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "இந்தப் பெண் கவனக்குறைவாகச் செய்தாள் என்கிறீர்கள். செய்த மறுநாளே எனக்கு இந்தக் கடிதம் கொடுத்தீர்கள். லாட்டை விடச் சொன்ன உத்தரவை மறுத்தேன் என்று இதில் எழுதியிருக்கிறது. உங்கள் சாப். உத்தரவு இருந்ததென்றால் கவனக்குறைவு எங்கிருந்து வந்தது? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் சொல்லாதீர்கள்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நம்ம பிள்ளைண்ணே. அவ கையில பேனாவக் குடுத்தது யாரு? சொல்லுங்க, நான் நிக்கிறேன்."

அண்ணன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தார். "நான்தான் குடுத்தேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு சிறிதாக நான் கேட்டதில்லை.

மேனேஜர் அக்காவின் கடிதத்தைக் கேட்டார், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று. அக்கா கொடுக்கவில்லை. "பார்க்கலாம், என் கையில் இருக்கும்போது" என்று மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஈரக் கையால் பிடித்திருந்தும் உறைக்குள் தாள் காய்ந்தே இருந்தது.

எனக்காகத் தயாரித்த கடிதம் கிழிக்கப்பட்டது. அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவைப் பழைய இடத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். அட்டைக்கு மாறாகச் சேர்த்த எந்த லாட்டையும் லீடர் நிறுத்தலாம் என்று எழுதி, அதிலும் சாப் குத்திக் கொடுத்தால்தான் வருவேன் என்றார். அவர்கள் எழுதித் தர ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஏழு வாரமும் அவர் தட்டு கழுவினார். தாள் கைக்கு வந்த அன்றுதான் வெள்ளை உடையைப் போட்டார்.

ஆபீசிலிருந்து வந்த அன்று மாலை பஸ்ஸில் ஏறினேன். பின்னிருக்கைக்கு நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் கை என் பையைப் பிடித்து இழுத்தது. "உக்காரு" என்றார். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை உடைந்துவிட்டது. "அழாதலா. மூக்கு ஒழுகினா நாளைக்கு உள்ள விடமாட்டாங்க" என்றார்.

அன்று ஆபீசுக்கு எனக்காகத்தான் வந்தாரா என்று அக்காவிடம் கேட்க எனக்கு நான்கைந்து வருடம் ஆனது. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போகிறது என்று அறிவித்த பிறகு, கடைசி வாரத்தில் கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. "உனக்காக வரல. ஹெட்டு மேல பழி போட்டாங்க, டிஸ்க் மேல போட்டாங்க, அப்புறம் பிள்ளைங்க மேல போட்டாங்க. சொன்னவங்க மேல மட்டும் ஒண்ணும் இல்ல. அதுக்கு வந்தேன்." பிறகு, "உன் மேல கோவம் இருந்துச்சு. நெறைய" என்றார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் சிநேகம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, அதை மூடிவிட்டு அல்ல.

இப்போது அக்கா மெர்கோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். குடியிருப்பில் தண்ணீர் வராவிட்டால் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவது அவர்தான். எழுதியதற்கெல்லாம் நகல் வைத்திருக்கிறார். நான் அதே ஹைடெக் பூங்காவில், வேறொரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் அளவு பொருந்தாத ஒரு லாட்டை நிறுத்தினேன். இளைய மேனேஜர் வந்து என் மேசையருகே நின்றார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், இது சின்ன வித்தியாசம், நீங்கள் அனுபவசாலி, புரியும் என்றார். புரிகிறது, விடச் சொல்லி உங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுத்தானா?"

"இல்லக்கா."

"குடுக்கமாட்டான். நீ என்ன பண்ண?"

"சாப்பிடப் போயிட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த லாட் இன்னும் சிவப்பு நாடா கட்டிய அலமாரியில்தான் இருக்கிறது. மேனேஜர் தினமும் அதைக் கடந்து போகிறார், எதுவும் கேட்பதில்லை. நிறுத்தியவர் யார் என்ற கட்டத்தில் வெறும் முதலெழுத்துப் போட்டாலே போதும் என்பது இங்குள்ள வழக்கம். நான் என் பெயரை முழுதாக எழுதி, இன்னாரின் மகள் என்பதற்கு இங்கே எழுதும் ஏ-பி போட்டு, இடுப்பொடிந்து கிடந்த என் அப்பாவின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்.