இரண்டு நாள் நல்ல தண்ணீர்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் குழாய்களில் இரண்டே இரண்டு நாள் நல்ல தண்ணீர் வந்தது. அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் தாய்மாமா.

வீட்டை விற்பதென்று முடிவாகி அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா வேலை பார்த்த நூற்பாலை மூடிவிட்டதால் அவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அங்கே மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வீடு கைமாறினால்தான் எங்களையும் அழைத்துக்கொள்ள முடியும். வீடு பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. வருவார்கள், அறைகளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், கடைசியில் பின்பக்கம் போய் போர் தண்ணீரை ஒரு வாய் குடிப்பார்கள். அதோடு சரி. உப்பென்றால் அப்படியொரு உப்பு. குடிக்கவும் சமைக்கவும் அம்மா தெருமுனைக் குழாயிலிருந்துதான் குடத்தில் சுமந்து வருவாள்.

மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். எந்தக் கல்லை எந்த வெளிச்சத்தில் சாய்த்து வைத்தால் பளபளக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டியில் முன்னும் பின்னும் பெயின்ட் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"வீடு விக்கிறதும் டைல்ஸ் விக்கிறதும் ஒண்ணுதாங்க்கா. வாரவன் கண்ணு மொதல்ல எங்க விழுதோ, அங்க தொடைக்கணும்" என்றார்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் அவர் பின்னாலேயே சுற்றினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் அத்தனை சுவாரசியமாக இருந்ததில்லை. மாமா முதலில் தெருவுக்குப் போய், வீடு வாங்க வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். நான் வீட்டுக்காரி. "வாங்க, வாங்க" என்று நான் சொல்ல வேண்டும். நாலு எட்டு வைத்ததும் அவர் நின்று, தன் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். அது போன இடத்தில் நான் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கப் பெருக்கல் குறி.

பிறகு குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கேட்டுக்குப் பச்சை அடித்தார். கூடத்துச் சுவரில் இருந்த விரிசலுக்கு மேல் ஒரு பெரிய காலண்டர் ஏறியது. இரும்புக் கட்டிலும் தையல் மிஷினும் பழைய பெட்டிகளும் பக்கத்து வீட்டுக்குப் போயின. அப்படிச் செய்தால் அறை பெரிதாகிவிடும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாமான்கள் இருக்கும்போதே சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்து வைத்திருந்தேன், இருபத்தொரு அடி. காலி செய்த பிறகும் இருபத்தொன்றுதான் வந்தது. இதை மாமாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"காலுக்குத்தாண்டி அளவு. கண்ணுக்கு ஏது அளவு?" என்றார்.

குழாய்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதை ஆசிட் ஊற்றித் தேய்த்தார். அது புஸ்ஸென்று நுரைத்துக் கரைவதை நான் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வேலை மறுநாள் நடந்தது. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து கழுவினார். செண்பகத்தோப்புப் பக்கம் யாரோ தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு டிராக்டர் டேங்கர் நிறையத் தண்ணீர் வந்தது. குழாய் போட்டு அதை மாடிக்கு ஏற்றினார்கள். போர் மோட்டார் சுவிட்சின் மேல் மாமா ஒரு காகிதத்தை ஒட்டினார். நாளைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை அதை யாரும் தொடக் கூடாது. கேட்டால் போர் தண்ணீர் என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. அடுப்படிக் குழாய், குளியலறைக் குழாய், பின்வாசல் குழாய் என்று மூன்றிலும் ஒரே ருசிதானா என்று மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். சோப்பு நுரைத்தது. பருப்பு சீக்கிரம் வெந்துவிட்டதென்று அம்மாவே சொன்னாள். பாத்திரம் துலக்கும்போது கையில் திரண்ட நுரையை அவள் கழுவாமல் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ராஜபாளையத்தில் புதிதாகச் செருப்புக் கடை போட்டிருந்தார். மேற்கே தெரியும் மலைமேல் வெயில் சாயும் நேரத்தில் மாடியில் நிற்க வைத்தால் பாதி விலை பேசியாகிவிடும் என்பது மாமாவின் கணக்கு. அதனால் கடைக்காரரின் தோளில் கை போட்டு நேரே மாடிக்கு அழைத்துப் போனார். அந்த அக்கா படி ஏறவில்லை. எங்களோடு அடுப்படிக்கு வந்தார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார்.

"என்னக்கா இது, இம்புட்டு நல்லா இருக்கு! போரா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அவள் மறந்துவிட்டாளோ என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "போர்தான். எங்க வீட்டுத் தண்ணி இளநீ மாதிரி இருக்கும்." இளநீர் என் சொந்தச் சேர்க்கை.

அந்த அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு கை குடித்தார். பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். "இப்ப இருக்கிற வீட்டுல தெருக் குழாயிலதாங்க்கா தூக்கணும். போன வருசம் ஒண்ணு கலைஞ்சு போச்சு. இந்தத் தடவ கொடமே தூக்கக் கூடாதுன்னுட்டாக டாக்டரம்மா. அதான், வீடு எப்படி இருந்தாலும் சரி, தண்ணி நல்லா இருக்கணும்னு இவுக அலையுதாக."

"எத்தன மாசம்?" என்று அம்மா கேட்டாள்.

"அஞ்சு."

அம்மா கையில் ஒரு செம்பு இருந்தது. அதைத் தண்ணீர்ப் பானைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "போயி மோட்டாரப் போடு" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். "மாமா தொடக் கூடாதுன்னாங்களேம்மா."

"போடுட்டி."

காகிதத்தைக் கிழிக்காமல் ஓரமாக விரலை நுழைத்து சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது. மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அதுவரை மலையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்த மாமாவின் குரல் பாதியில் நின்றது.

அம்மா அந்த அக்காவைக் கைபிடித்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனாள். மோட்டாரை ஒட்டி இருந்த சின்னக் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். "இதாம்மா எங்க வீட்டுத் தண்ணி. உள்ள நீ குடிச்சது டிராக்டர்ல வந்தது."

அந்த அக்கா ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க எப்படிக்கா சமாளிச்சீக?" என்றார்.

"சுமந்தேன்" என்றாள் அம்மா.

மாமா இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தார். "யாருட்டி மோட்டாரப் போட்டது?" என்று என் பக்கம் திரும்பினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "நாந்தான் போடச் சொன்னேன்" என்றாள் அம்மா. பின்னால் வந்த செருப்புக் கடைக்காரர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அவ்வளவுதான். போகும்போது கேட்டருகில் நின்று அந்த அக்கா மட்டும், "வாரேங்க்கா" என்றார்.

அவர்கள் போனதும் மாமா வண்டியை எடுத்தார். வந்தவர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பால்கோவாவை யாரும் பிரிக்கவே இல்லை. கிளம்பும் முன் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஒனக்கு அத்தான்கூட இருக்கணும்ங்கிற நெனப்பே இல்லையாக்கா?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டாள்.

அவள் போயிருந்தபோதுதான் அப்பாவின் போன் வந்தது. நான் எடுத்தேன். காலண்டர், பெருக்கல் குறி, டிராக்டர், மோட்டார் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். அந்த அக்கா மாசமாக இருப்பதையும், குடம் தூக்கக் கூடாதென்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். கடைசியில், நானே ஆராய்ந்து கண்டுபிடித்ததைப் போல, "அம்மாவுக்கு அங்க வர இஷ்டமில்லப்பா" என்றேன்.

அப்பாவின் அறையில் யாரோ டிவி பார்ப்பது கேட்டது.

"அம்மா வந்ததும் குடு" என்றார்.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நான் போகாமல் அங்கேயே நின்றேன். அப்பா திட்டப்போகிறார், அம்மா என்ன சமாதானம் சொல்கிறாள் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவல். அம்மா 'ம்' என்றாள். இன்னொரு முறை 'ம்' என்றாள். பிறகு, "அஞ்சு மாசம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, அதற்கு மேல் முடியாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்னும் அஞ்சு மாதத்தில் திருப்பூர் போகிறோம். மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டுக் கணக்கு வைத்தேன். ஐந்தாவது மாதமும் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். எதற்காகப் பேசவில்லை என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. வீடு விற்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. வாங்கியவர் அதைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியாக வைத்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன?

எனக்குக் கல்யாணமாகி, நானும் மாசமாக இருந்தபோது ஒருநாள் பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்கு அம்மா அஞ்சு மாசம் என்று எதைச் சொன்னாள், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று.

"வேற என்ன கேப்பேன்? அந்தப் பிள்ளைக்கு எத்தன மாசம்னு கேட்டேன்" என்றார் அப்பா.