கீழ்வீட்டுக்காரரின் மூன்றாவது குரல்

டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை எனக்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் தூங்கவேண்டும். கீழ்வீட்டில் தனியாக இருந்த ஜமைக்காக்காரர், வயதானவர், அந்த நேரம் பார்த்துத்தான் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். பழைய இசைத்தட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“பாடுறது ஆரெண்டு தெரியுதோ?”

தெரியாது என்றேன். அவர் சொன்ன, அவர் ஊர் ரெகே இசைப் பாடகரின் பெயர் உலகத்துக்கே தெரிந்த பெயர். நான் பாட்டு அதிகம் கேட்காதவன். ஆனாலும் அந்தச் சடைமுடி முகத்தை அக்ராவிலிருந்து வரும் பெட்டியிலும் பார்ப்பேன், தோக்கியோவிலிருந்து வரும் பெட்டியிலும் பார்ப்பேன். கொழும்பில் ஓட்டோக்களின் பின்னாலும் ஒட்டியிருப்பார்கள். இந்த இசைத்தட்டிலோ ஒல்லிக் குரலில் யாரோ ஒரு பெடியன் பாடினான். பாட்டு அவசரமாக ஓடியது. பின்னால் கலியாண வீட்டு பாண்ட் மாதிரி ஊதினார்கள்.

“பேர் எடுக்க முதல் பாடினது. பின்னால மூண்டு பேர் சேர்ந்து பாடுறம். அதில மூண்டாவது நான்” என்றார்.

தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. பெரிய ஆட்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாகச் சொல்பவர்களை இந்த ஊரில் எங்கள் ஆட்களின் விருந்துகளிலும் கண்டிருக்கிறேன்.

“பொய் சொல்லி அந்த மனுசன் என்னத்தைக் காணப்போறார்?” என்றாள் மனைவி.

“சும்மா சொல்லுறதுக்கும் ஆக்கள் இருக்கினம்.”

“உங்களுக்கு ஆரிலதான் சந்தேகம் இல்லை?”

மறுநாள் வேலை இடைவேளையில் போனில் தேடினேன். அந்தப் பாட்டு உண்மையிலேயே அந்தப் பாடகரின் ஆரம்பகாலப் பாட்டுத்தான். கூடவே கட்டை முடியும் கோட்டுமாக ஒரு படம். பின்னால் பாடியவர்களின் பெயர்களைக் காணவில்லை. பாதி உண்மையாகிப் போனது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. கெட்டிக்காரன் பாதி உண்மையோடுதானே பொய்யைச் சேர்ப்பான்.

பனிக்காலத்தில் வானொலிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு அவரைத் தேடி வந்தாள். நான் வாசல் படியில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் என்னையும் உள்ளே வந்து இருக்கச் சொன்னார். இன்றைக்குப் பிடிபடப் போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தப் பாட்டில நீங்களும் பாடினனீங்களாமே?” என்று கேட்டாள்.

“இல்லை பிள்ளை. நான் ஸ்டூடியோவுக்கு வெளியில கேற்றடியில நிண்டு கேட்டனான்.”

அவள் முகம் வாடி எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

“எனக்கு ஒண்டு சொன்னீங்கள், அவவுக்கு ஒண்டு சொல்லுறீங்கள். எது பொய்?”

“அவவுக்குச் சொன்னால் ஊர் உலகமெல்லாம் போகும். மற்ற ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். நாளைக்கு அவையின்ர பிள்ளையள் வந்து, நீ பாடினதுக்கு என்ன சாட்சி எண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?”

 அகதி விசாரணையில், நான் சொன்ன வீதியால்தான் தப்பி ஓடிவந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று என்னிடமும் கேட்டார்கள். நடந்ததைச் சொல்வதைத் தவிர என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும், பொய் சொல்பவனும் இதையேதான் சொல்லுவான் என்ற நினைப்பு போகவில்லை.

அவர் இசைத்தட்டைப் போட்டார். பாடகனோடு சேர்ந்து பாடவில்லை. பின்பாட்டு வருகிற இடத்தில் மட்டும், கண்ணை மூடி, அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். ஒரு சுரமும் பிசகவில்லை. இத்தனை காலம் கேட்ட யாருக்கும் அது வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பனி கரைந்ததும் அவருடைய மகள் வந்து அவரைக் கர்க்லாண்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானங்களில் வீடு அமைதியாக இருக்கிறது. தூக்கம்தான் முன்னைப்போல வருவதில்லை.

போன கிழமை இடைவேளையில் அந்தப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு மூன்றாவது குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். கூட வேலைசெய்யும் தமிழ்ப் பெடியன் என்ன கேட்கிறேன் என்று கேட்டான்.

“எங்கட கீழ்வீட்டுக்காரர் இதில பாடியிருக்கிறார்.”

“ஆர் சொன்னது, அண்ணை?”

“அவர்தான்.”

அவன் சிரித்துவிட்டு விமானத்தடிக்குப் போனான். நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.