தேக்குப் பெட்டிக்குள் மீன்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளைத் தெருவே பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டது. அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய டிவி பெட்டிகள் பதினொன்று அவள் வீட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இடம் போதாமல் கட்டிலைத் தள்ளிவிட்டுத் தரையில் படுத்தாள். கல்யாணப் பேச்செடுத்தவர்களிடம், "பதினொண்ணையும் சேத்துப் பாத்துக்கிற ஆளா இருந்தா வரச் சொல்லுங்க" என்பாள். ஒருத்தனும் வரவில்லை. அவளும் தேடவில்லை.

அதில் ஒன்றின் மேல்தான் உயிர். சாய்ந்த நாலு கால், இழுத்து மூடும் தேக்குக் கதவு, உள்ளே வட்டத்திரை. அந்த ரகத்தில் எங்கேயும் நாலைந்துகூட மிஞ்சவில்லை. உள்ளே பல்பு மாதிரி எரியும் வால்வுகளைத் தேடி மூன்று வருடம் நாயாய் அலைந்து, போன மாதம்தான் அதில் படம் வரவைத்திருந்தாள்.

வெளியூர் வேலை முடிந்து வந்து பார்த்தால் அந்த இடம் காலி. வீட்டின் இன்னொரு சாவி அண்ணனிடம்தான் இருந்தது.

"ஹோட்டல் மேனேஜர் கேட்டாரு, குடுத்தேன். என் பொண்ணுக்கு அங்க வேலை போட்டுத் தர்றாராம். உனக்குத்தான் இன்னும் பத்து இருக்கே."

"உனக்கும்தான் ரெண்டு கை இருக்கு. ஒண்ணைக் கழட்டிக் குடுத்திருக்கலாமே?"

ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டி இருந்தது. திரை இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஆரஞ்சு மீன்கள்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"அந்தக் குப்பையா? பின்னாடி கொட்டியாச்சு மேடம்" என்றார் மேனேஜர். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு."

பின்கட்டில் பிக்சர் டியூப் சுக்குநூறாகக் கிடந்தது. பதினெட்டு வால்வில் ஆறுதான் முழுசு. துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். தரை துடைப்பவரிடம் வாளி வாங்கி வந்து, மீன்களை ஒவ்வொன்றாக அள்ளத் தொடங்கினாள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. பெட்டி வாங்கின ரசீது என் பேருல இருக்கு. இந்த மீனுங்க ஒரு தப்பும் பண்ணல, அதான் பதமா எடுக்கறேன். இல்லேன்னா தொட்டியோட கவுத்திருப்பேன்."

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். அவள் தொட்டியைக் கழற்றித் தரையில் இறக்கிவிட்டு, ஈரத்தில் உப்பிப்போன பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கே பூட்டையும் மாற்றினாள்.

பத்து நாள் கழித்து அண்ணன் ஒரு புது டிவியைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றார்.

"இதை வச்சுக்கம்மா. பெருசு. கலரு வேற. உன் கோவம் தீரட்டும்."

அவள் கதவைச் சாத்திய வேகத்தில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.