விரிசல் மேல் அப்பிய மண்

எண்பதுகளின் கடைசியில், பட்டாபிராமுக்குத் தெற்கே ஒரு களிமண் பள்ளத்தில் எனக்கு முதல் வேலை. நிலவியல் படித்து முடித்திருந்தேன். அம்பத்தூரில் குழாய் செய்கிற ஒரு கம்பெனி, அந்த மண் சூளைக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பியது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அப்பாவின் சைக்கிளில் போவேன்.

பள்ளத்தின் சுவர் இருபத்தொரு அடி உயரம். மேலே செம்மண்ணும் சரளையும், அதற்குக் கீழே மஞ்சள் மண், நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மணல், அடியில் வெண்ணெய்போல வழவழவென்று வெள்ளைக் களிமண். நல்ல சரக்கு அடியில் இருந்ததால் கூலியாட்கள் சுவரின் அடியைத்தான் குடைந்து எடுப்பார்கள். மேலிருந்து படிக்கட்டுபோல வெட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். புத்தகத்தை அங்கே யார் கேட்டார்கள்? முதல் நாளே சுவரடியில் இறங்க எனக்குப் பயமாக இருந்தது. "பொம்பளப் புள்ள, எறங்குவியா?" என்றார் பள்ளத்து முதலாளி. "ஏன், எனக்குக் கால் இல்லையா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பயம் என்று வாயைத் திறக்க முடியுமா?

மண் சுமக்கும் பெண் ஒருவரை எனக்கு உதவிக்கு விட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றே கூப்பிட்டேன். நான் ஏணியில் நின்று, மேலிருந்து கீழாக மூன்றடிக்கு ஒரு பை என்று மண்ணைச் சுரண்டுவேன். அக்கா பையைப் பிடிப்பார். முதல் வாரம் ஒரு பை தொலைந்துபோனது. எரிந்து விழுந்தேன். "ஒரு பை போனா மொத்த வேலையும் பாழ். உயிரே போனாலும் பையை விடாதீங்க!" அப்படியேதான் சொன்னேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சுவரின் உச்சியில், விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு விரிசல் ஓடியது. அதற்கு அவர்களிடம் ஒரு சோதனை உண்டு. சாயங்காலம் விரிசல் மேல் ஈரக் களிமண்ணை வறட்டிபோல அப்பிவைப்பார்கள். காலையில் அது பிளந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், யாரும் இறங்க மாட்டார்கள்.

அன்று ஐப்பசித் தூறல். அப்பிய மண் முழுசாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, எறங்கலாமா?"

சுவரை நிமிர்ந்து பார்க்காமல், "ஒண்ணுமில்லக்கா, வாங்க" என்றேன்.

விளிம்பில் ஆணியடித்து அளவு டேப்பைத் தொங்கவிட்டேன். அதன் முனை சரியாகத் தரையைத் தொட்டது. ஆறு பை முடிந்து, ஏழாவது பாதி நிரம்பியிருந்தபோது மணல் பட்டையிலிருந்து தண்ணீர் கசிந்து என் கழுத்தில் சொட்டியது. மேலே பார்க்கப் பயந்து கீழே பார்த்தேன். டேப் ஒரு சாண் நீளத்துக்குத் தரையில் சுருண்டு கிடந்தது. ஆணி கழன்றிருந்தால் டேப் முழுக்க விழுந்திருக்கும். இறங்கியிருந்தது சுவர். காய்கிற மண்தான் பிளக்கும், தூறலில் ஊறிய களிமண் இழுத்த இழுப்புக்கு நீளும். முதல் வருஷப் பாடம் அது. பயத்தில் எனக்கு மறந்திருந்தது.

"ஓடுங்கக்கா!"

ஓடினேன். எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினால் அக்கா பக்கத்தில் இல்லை. சுவரடியில் குனிந்து பைகளை ஒவ்வொன்றாக மடியில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பத்தடி வந்திருப்பார், சுவர் நின்ற நிலையிலேயே உட்கார்ந்தது. மண் சரிந்து வந்து அவர் முழங்கால்வரை மூடி நின்றது. ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது.

மடியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "எல்லாம் கீதும்மா, எண்ணிக்க. ஏழாவதுதான் பாதி."

வாங்க எனக்குக் கை வரவில்லை.

"பயந்துட்டியா?"

"முதல் நாள்லேருந்தே பயம்தான்க்கா."

அவர் காலில் ஒட்டிய மண்ணை வழித்துப்போட்டார்.

"அத்த காலைலயே சொல்றதுக்கு இன்னா? எனக்கும்தான் கொல நடுங்குச்சு. படிச்ச பொண்ணே பயப்படலயேன்னுதான் எறங்குனேன்."