ஜாகாவின் மகன் வருவானா?

பிள்ளைகளே, வாரத்தில் மூன்று நாள் நான் டயாலிசிஸுக்குப் போகும் அந்த அறைக்குள் நீங்கள் யாரும் வந்ததில்லை. உள்ளே விடமாட்டார்கள். வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் கையில் கட்டோடு வருவேன், வண்டியில் ஏறுவோம், வீட்டுக்குப் போய்விடுவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போன வருடம் தீபாவளி முடிந்து ஈப்போவில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அந்த அறையில் நடந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு லோரி வேலைக்குப் போனவன். கோர்வையாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த அறையில் சுவரில் ஒரு டிவி உண்டு. முதலில் எப்போதும் சமையல் நிகழ்ச்சிதான் ஓடும். தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களை வரிசையாகப் படுக்கவைத்து, கொதிக்கிற குழம்பைக் காட்டினால் எப்படி இருக்கும்? மிஸ்ஸியிடம் சண்டை போட்டு அதை மாற்றினோம். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொண்டுவந்து போட்டதுதான் அந்த மந்திரக் கதைத் தொடர். நீங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்ப்பீர்களே, ஏழு கோட்டைகள், பேசும் பருந்துகள், உப்பு ஏரி, அதேதான். அதிலும் ராஜாக்கள் எந்நேரமும் எதையாவது குடித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் எங்கள் வரிசை முழுவதும் எச்சில் விழுங்கும்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன். லகாட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்ற பிறகு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, காவல் வேலையில், தலை நரைக்கும்வரை இருந்தவர். சர்க்கரை வியாதி முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு சிறுநீரகத்தைத் தொட்டது, கடைசியில் காலுக்கு வந்தது. எங்களுக்கு எதிரே ஓர் அம்மா. தைப்பிங்கில் பிறந்த சிலோன் குடும்பத்துக்காரர், ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் டீச்சர் என்போம். அந்தத் தொடருக்கு மூலமான தடிமனான நாவல்களையெல்லாம் படித்து முடித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக்கூடாது. அதனால் துணிக்கு மாட்டும் கிளிப்பைப் புத்தகத்தில் மாட்டி, மற்றக் கையால் பக்கம் புரட்டி, இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

தொடர் ஓடும்போது டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. இந்த ராணி புத்தகத்தில் இவ்வளவு நல்லவள் இல்லை, அண்ணன் தம்பி இரண்டு பேரை டிவியில் ஒரே ஆளாக்கிவிட்டார்கள், நொண்டிப் பாடகனைக் காணவே காணோம் என்று குறை சொல்லுவார். "சம்பளம் பத்தலன்னு போயிருப்பான் லா" என்பார் அண்ணன். களஞ்சியத்தை எரித்த ராணி செய்தது சரியா தப்பா என்று அண்ணனும் நானும் ஒரு நாள் கத்தியதில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, மிஸ்ஸி வந்து டிவியை நிறுத்தியதுகூட உண்டு.

வெளியே உங்கள் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? பார்க்காதவனிடம் கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் அடிக்க வருவீர்கள். எங்கள் அறையில் அது தலைகீழ். யாருக்காவது மேற்கொண்டு கதை தெரிந்தால், கேட்கிறவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த வாரம் யார் எந்த நாற்காலியில் இருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கூடிப் பேசி வைத்த சட்டம் இல்லை இது. மூலையில் இருந்த சீனப் பெரியவர் பாதிக் கதையில் போன பிறகு தானாக வந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்படாதவர் டீச்சர் மட்டும்தான். எழுதின ஆள் ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்றால் கடைசியில்தான் தெரிய வேண்டும் என்பார். ஒரு நாள் அண்ணன் விடவில்லை.

"டீச்சரம்மா, நாங்கல்லாம் கடைசி வரைக்கும் இருப்போமான்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"இருப்பியள். இருக்கோணும் எண்டுதான் சொல்லாமல் வச்சிருக்கிறன்" என்றார் டீச்சர்.

அண்ணன் தெரிந்துகொள்ளத் துடித்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்தக் கதையில் வடக்குக் கோட்டையின் கதவைக் காக்கிற ஒருவன் வருவான். அவனுடைய மகனைச் சின்ன வயதில் எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது அவன் கதவுக்கு மேலே பந்தத்தை ஏற்றி வைத்துவிட்டு ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். முக்கியமான ஆள் இல்லை, எப்போதாவதுதான் காட்டுவார்கள். ஆனால் அண்ணனுக்கு ராஜா ராணி யாரும் வேண்டாம், இவன்தான் வேண்டும். "நம்ம ஜாகா வந்துட்டான்" என்று என் கையைத் தட்டுவார்.

அண்ணனுக்கும் ஒரே மகன். தாயின் கருமக்கிரியை அன்று இரண்டு பேருக்கும் வார்த்தை முற்றி, மகன் ஜொகூருக்குப் போனவன் போனவன்தான். பல வருடமாகப் பேச்சில்லை. அவன்தான் முதலில் பேச வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணனை மிஸ்ஸி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். கால் புண் முழங்கால்வரை ஏறிவிட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கப்போகிறார்கள். இதயமும் பலவீனம், உத்தரவாதம் எதுவும் தர முடியாது என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். ஊசி ஏற்றி இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அண்ணன் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"டீச்சரம்மா, எனக்கு வேற ஒன்னும் வேணாம். ஜாகா மவன் வருவானா, மாட்டானா? அத மட்டும் சொல்லிடுங்க."

டீச்சர் புத்தகத்தை மூடினார். கிளிப் மாட்ட மறந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "வருவான்" என்றார்.

சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கடைசிப் புத்தகத்தில், இதே மாதிரி ஒரு மழையில், தாடி வளர்ந்த ஒருவன் ஏரிக்கரையோடு நடந்து வருவானாம். கதவுக்காரனுக்குப் பார்வை மங்கிப் போயிருக்கும். யார் என்று தெரியாமல் பந்தத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பானாம். வந்தவனால் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாதாம்.

"ஜாகா அவன ஏசுவானா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லை. சாப்பிட்டியா எண்டு கேட்பார். கதவை ஒரு நாளும் பூட்டேல்லை, திறந்துதான் கிடந்தது எண்டு சொல்லுவார்."

"ராத்திரியில கதவத் தொறந்து போடுற ஆளு என்ன ஜாகா லா? எங்க மொதலாளியா இருந்தா மறுநாளே வேலைய விட்டுத் தூக்கியிருப்பான்" என்றார் அண்ணன். வரிசையே சிரித்தது. மிஸ்ஸிகூடச் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண் அசந்துவிட்டது. விழித்தபோது அவரை வெளியே தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

சனிக்கிழமை போனபோது அவருடைய நாற்காலிக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். எங்கள் அறையில் இப்படி இருந்தால் யாரும் கேட்கமாட்டோம். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். மிஸ்ஸி டிவியைப் போடவில்லை. நான் கிளம்பும்போது அண்ணன் வீட்டு முகவரியை மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஜெலாப்பாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள், மழைத் தண்ணீர் அதில் தேங்கித் தொங்கியது. மகன் வந்திருந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், அண்ணனின் அதே தாடை. டயாலிசிஸ் அறையில் பக்கத்து நாற்காலிக்காரன் என்று சொன்னதும் என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினான்.

"டேய், சாப்டியா? வியாழக்கெழம எனக்கு ஒரு கால எடுக்கறாங்க. நீ வந்தே ஆவணும்னு இல்ல. வந்தா கதவு தொறந்துதான் கெடக்கு."

அவ்வளவுதான். அண்ணனின் குரலுக்குப் பின்னால் எங்கள் இயந்திரங்களின் பீப் சத்தம் கேட்டது. நான் குறட்டை விடுவதும் கேட்டது. டீச்சர் கதை சொல்லி முடித்த கையோடு, நான் தூங்கிய நேரத்தில், என் பக்கத்தில் படுத்துக்கொண்டே பேசியிருக்கிறார்.

அவன் லீவு கேட்டு, பஸ் பிடித்து, வியாழக்கிழமை சாயந்தரம் வந்து சேர்ந்தானாம். அதற்குள் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. விடியும்வரை மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அப்படியே போய்விட்டார்.

"நான் வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, அங்கிள்?" என்று கேட்டான்.

அப்பா இப்படிப் பேசுகிற ஆளே இல்லையே, யார் சொல்லி இதை அனுப்பினார் என்று அடுத்துக் கேட்டான். அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தொடரைப் பற்றி, கதவுக்காரனைப் பற்றி, டீச்சர் படித்துச் சொன்ன முடிவைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன் நேரத்தோட வந்துட்டான்" என்றான் கடைசியில். என் போன் நம்பரை அவனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உண்மையைச் சொன்னார். புத்தகத்தில் அந்த மகன் வரவே மாட்டானாம். முதல் நாவலிலேயே எதிரிகள் அவனைக் கொன்றுவிட்டார்கள். அது படிக்கிறவர்களுக்குத் தெரியும், டிவியில் அதை விட்டுவிட்டார்கள், கதவுக்காரனுக்கும் தெரியாது. இல்லாத மகனுக்காகப் பந்தம் ஏற்றி ஏற்றி, ஒரு நாள் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே விழுந்து இறந்துவிடுவான். மழையும் இல்லை, தாடி வைத்தவனும் இல்லை. எல்லாம் அந்த நிமிடத்தில் டீச்சர் கட்டியது.

"அண்ணன் டிவியில பார்த்திருந்தா பிடிபட்டிருப்பீங்களே டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சொன்னனான். அவர் பிழைச்சு வந்து என்னோட சண்டை பிடிக்கோணும்" என்றார்.

மகனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அடுத்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிப் பார்த்தோம். சொன்னால் அண்ணன் ஒரு பொய்யை நம்பிப் பேசினார் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் கதையில் வந்த மகன் நேரத்தோடு வந்தான், நான் வரவில்லை என்று இவன் காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பான். டீச்சர் ஒரு நாள் சொல்லலாம் என்பார், மறுநாள் வேண்டாம் என்பார். முடிவு எடுப்பதற்குள் டிவியில் அந்தப் பாகம் வந்துவிட்டது.

அன்று மிஸ்ஸி வந்து, நிறுத்திவிடட்டுமா என்று காதோடு கேட்டார். டீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினார். கதவுக்காரன் பந்தத்தோடு படியேறினான், பாதியில் உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்துவிட்டான். ஏரிப் பக்கம் யாரும் வரவில்லை. டீச்சர் தொடரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. புத்தகத்தில் உள்ளபடியே எடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அந்த மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பார்த்தேன் அங்கிள். அந்தப் பையன் வரவே இல்லையே."

உங்கள் அம்மா வேலையில் இருந்தாள், நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். டீச்சர் ஏன் அப்படிச் சொன்னார் என்று முதலில் நீளமாக எழுதினேன், அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அதையும் அழித்தேன். டீச்சரின் அந்தப் பொய் இல்லையென்றால் அண்ணன் பேசியிருக்கமாட்டார், இவன் பஸ் ஏறியிருக்கமாட்டான். அதே பொய்யை நான் கொண்டுபோய்ச் சொன்னதால்தான் பந்தலுக்குக் கீழே இவன் தலை குனிந்தான். இரண்டும் உண்மை, பிள்ளைகளே. இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை. ஒருவர் மனம் இளகிக் கூப்பிடுவதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், கூப்பிட்டது உண்மை, வந்தது உண்மை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வெகுநேரம் கழித்துப் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஆனா நீ வந்தியே, ஐயா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.