நெஞ்சைத் தடவும் கை

என் அண்ணன் சாப்பிட்டு எழுந்ததும் உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து, சுவரில் சாந்து பூசுகிறவர் போல மேலும் கீழுமாகத் தடவுவார். "எரியுது" என்பார். எங்கள் மலையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புளி உலுக்கும் காலத்தில் எல்லோருக்குமே எரியும். காலையில் வெறும் வயிற்றில் டீ குடிப்போம். பொறுக்கும்போதும் ஓடு உடைக்கும்போதும் வாயில் ஒரு புளி ஊறிக்கொண்டே இருக்கும். மத்தியானம் வயிறு முட்டக் களியும் காரக் குழம்பும் தின்றுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் மறுபடியும் மரத்தடியில் குனிவோம். எரிந்தால் அது உடம்புச் சூடு என்று சொல்லி, அதே புளியைக் கரைத்து வெல்லம் போட்டுக் குடிப்போம்.

அன்றைக்கும் அண்ணன் மரத்தடியில் நெஞ்சைத் தடவினார். அண்ணி சொம்பில் வெல்லமும் புளியும் கரைத்துக் கொடுத்தார். அண்ணன் முழுவதையும் குடித்துவிட்டு, "இப்ப தேவலாம்" என்று மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. வெயில் என்று நினைத்து நாங்கள் பொறுக்கிக்கொண்டே இருந்தோம். கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. ஜீப் வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு உடம்புதான் இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணி யாருக்கும் தன் கையால் குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. வந்தவர்களுக்குக் குடத்தைக் காட்டுவார், அவர்களே மொண்டு குடிக்க வேண்டும்.

சில வருடங்கள் கழித்து எனக்கும் எரிய ஆரம்பித்தது. படுத்தால் தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறும். கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கும் அண்ணிக்கும் எதிரெதிர் வீடு, நடுவே ஒரே வாசல். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றேன். எதிரே அண்ணி குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தார். குண்டான் கை நழுவி உருண்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்த்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கை அங்கே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. அது என் கை போலவே இல்லை.

அன்றிலிருந்து நான் வாசலுக்கு வந்தால் அண்ணி உள்ளே போய்விடுவார். உள்ளே இருந்து அடுப்பு ஊதும் சத்தம்கூட வராது.

"நீ கீழ போய்க் காட்டிட்டு வா. அந்தப் பொம்பள உன்னப் பாத்துப் பாத்தே செத்துடும்போல," என்றாள் என் மனைவி.

ஊரில் இருந்து முதல் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, வயிற்று அமிலம்தான் மேலே ஏறுகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றியே அதிகம் கேட்டார்.

"சாப்ட்டதும் இன்னா வேலை செய்வீங்க?"

"குனிஞ்சு புளி பொறுக்குவோங்க."

"நிறைஞ்ச சொம்பைக் கவுத்தா இன்னா ஆவும்? அதான் உங்களுக்கும் ஆவுது."

எழுந்து அறை வாசல் வரை போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் திரும்பி, அண்ணனைப் பற்றியும் அந்தச் சொம்பைப் பற்றியும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் பாக்கல, அதனால உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க சொல்றதப் பாத்தா மாரடைப்பு மாதிரி இருக்கு. அந்தத் தண்ணியால உயிர் போகாது. ஆனா வேர்த்துக் கொட்டினாலோ, வலி கை, தாடைக்குப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, எரிச்சல்னு நீங்களே முடிவு பண்ணிட்டு உக்காராதீங்க. உடனே வந்துடணும்."

வீட்டில் பழக்கம் மாறியது. பொறுக்குவதைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு நேராக உட்கார்ந்து ஓடு உடைத்தேன். வாயில் புளி போடுவதை விட்டேன். களி பாதியாகக் குறைந்தது. குழம்புக்குப் பதில் பாசிப்பயறு கடைந்தாள் மனைவி. சாமைச் சோற்றை வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு, வெகுநேரம் கழித்தே படுத்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் தட்டைக் கல் வைத்தேன்.

"கோழி அடையறதுக்கு மின்ன துன்னுட்டு, கட்டிலுக்கும் மேடு கட்டிக்கினு இன்னாய்யா இது?" என்று மனைவி சிரித்தாள். மறுவாரம் அவளும் என்னோடே சாப்பிட உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா சொன்னதை அண்ணியிடம் அவர் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

"தண்ணியால இல்லியாம் அண்ணி."

கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அத்தக் குடிச்சிட்டுதான தேவலாம்னாரு தம்பி. தேவலாம்னாரேன்னுதான ஜீப்புக்குச் சொல்லாம இருந்தோம்."

நான் ஓடு உடைக்கப் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த புளிக்காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் கறிச்சோறு அதிகமாகத் தின்றுவிட்டேன். அந்த வயிற்றோடு போய், மழைக்கு முன் அள்ள வேண்டும் என்று மரத்தடியில் குனிந்தேன். நெருப்பாக ஏறியது. வெயிலில் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கை தானாகப் போய்விட்டது. நிமிர்ந்தபோது அண்ணி எதிரே நின்றார். இந்த முறை அவர் உள்ளே போகவில்லை, சொம்பைத் தேடவும் இல்லை. முறத்தைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினார். ஜீப்போடுதான் திரும்பி வந்தார்.

"அண்ணி, வெறும் எரிச்சல்தான். கறி துன்னுட்டேன்."

"அத டாக்டரு சொல்லட்டும். ஏறு."

"இப்ப தேவலாம் அண்ணி."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அண்ணி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏறுடா."

அதுவரை அவர் என்னை 'டா' போட்டதே இல்லை. ஏறினேன். ஜீப் வளைவுகளில் இறங்கியது. எரிச்சல் பாதி வழியிலேயே அடங்கிவிட்டது. ஆனாலும் திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து அண்ணி என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.