எவன் கை வச்சது

எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். வண்டி டாக்டர். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டால் ஜனங்கள்தான் என்பார். அவரே போர்டில் எழுதி மாட்டிய பிறகுதான் ஜனங்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் ஒர்க்‌ஷாப்புக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள். என் தையல் மிஷின் நிற்கும்போதெல்லாம் அவர் பேச்சு காதில் விழும். மிஷின் ஓடும்போதும் விழும்.

எந்த வண்டி வந்தாலும் முன்மூடியைத் தூக்கியதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எவன் கை வச்சது இதுல?" பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவர் கணக்கில் எந்த வண்டியும் தானாகக் கெடுவதில்லை. எவனோ ஒரு அரைகுறை கை வைத்துத்தான் கெடுகிறது. இவரைத் தவிர மற்ற மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அரைகுறைகள். தான் முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் போட்ட சட்டம்.

வேலை தெரியாதவர் என்று நான் சொல்லவில்லை. முழு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, ஒரு திருகு மிஞ்சாமல் மாட்டுகிறவர். ஸ்பானர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கி வைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்கு மட்டும் அவரிடம் ஸ்பானர் கிடையாது.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். எனக்கு அக்கா முறை மாதிரி. அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோவை ஏற்றி இறக்குவது தொழில். டாக்டர் அவரை மச்சான் என்று கூப்பிடுவதால் தெருவுக்கே அவர் மச்சான்.

அந்த பிக்கப் திடீரென்று உதற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் குலுங்கும், மேடு கண்டால் மூச்சு வாங்கும். மச்சான் கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டர் நீள ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். "இது எப்ப ஆரம்பிச்சதுன்னா மாப்ள..." என்று மச்சான் வாயெடுத்தார். டாக்டர் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்தது: எஞ்சின் போச்சு, மாற்ற வேண்டும்.

மச்சானின் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தக்காரரிடம் வேலை கொடுத்தால் நாளைக்கு வாய்விட்டுத் திட்டக்கூட முடியாது என்றாராம். நியாயமான பேச்சு. ஆனால் அக்கா நேரில் போய், இவர் பார்த்தால் பார்த்ததுதான், ஏதாவது ஆனால் என்னைக் கேளுங்கள் என்று அந்த வீட்டுக் கூடத்தில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து வேறு எஞ்சின் வந்தது. கழற்றிய எஞ்சினை டாக்டர் வாசலில் ஓரமாக வைத்தார். அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, உட்கார மெத்தை தைத்துத் தரச் சொன்னார். வந்தவர்கள் காத்திருக்க வசதியாம். நானும் நல்ல பச்சை ரெக்சினில் தைத்துக் கொடுத்தேன்.

புது எஞ்சினைக் கிளப்பினார். உதறியது. அதே உதறல், அதே தாளம். சுவருக்கு இந்தப் பக்கம் என் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. புது இடம், செட் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார் டாக்டர், வீட்டுக்கு வந்த மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி. மச்சான் நம்பிக்கொண்டு போய் சவாரி எடுத்தார். யாருடையதோ கட்டிலும் கண்ணாடி மேஜையுமாக பாலத்து ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஒரு விசாரணையே நடந்தது. முதல் குற்றவாளி எஞ்சின் விற்றவன். அடுத்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள், ஒவ்வொன்றின் லைனையும் தளர்த்தி எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தார். நாலும் ஒழுங்காக வேலை செய்தன. டீசல் பம்ப்பைக் கழற்றிக் கழுவினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். ஊரில் வேறு யார் யார் கை பட்டதோ அதையெல்லாம் பார்த்தார். கடைசியில் பழி மச்சான் மேலேயே விழுந்தது. மட்டமான டீசல் போடுகிறாராம்.

மச்சான் வீட்டிலிருந்து கடைசி வார்த்தை வந்துவிட்டது. இன்றைக்குச் சரியாகவில்லை என்றால் வண்டி அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அக்கா அன்று லீவு போட்டுவிட்டு வந்து பச்சை மெத்தையில் உட்கார்ந்துகொண்டார். "அங்க போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணி முன்னாடி நிப்பேன்?" என்று என்னிடம் கேட்டார்.

டாக்டர் ஒரு கேனில் நல்ல டீசல் வாங்கி வந்தார். டேங்கிலிருந்து வரும் குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக எஞ்சினுக்குக் குழாய் கொடுத்துக் கிளப்பினார். உதறல் நின்றுவிட்டது. என் கண்ணாடி அசையவே இல்லை. அவ்வளவுதான், டாக்டர் நிமிர்ந்து, கண்ட இடத்தில் டீசல் போடுகிறவர்களைப் பற்றித் தெருவுக்கே கேட்கும்படி பேச ஆரம்பித்தார். மச்சானின் முகம் சிவந்துவிட்டது.

மச்சான் காலிக் கேன் ஒன்றை எடுத்தார். டேங்குக்குள் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, துப்பிவிட்டு, அந்த 'மட்டமான' டீசலைக் கேனில் பிடித்தார். அதை டாக்டரின் கேன் இருந்த இடத்தில் வைத்தார். "இப்பப் போடுங்க மாப்ள."

எஞ்சின் அதே மாதிரி அமைதியாக ஓடியது.

அர்த்தம் புரிய டாக்டராக இருக்கத் தேவையில்லை, சீட்டு தைக்கிற எனக்கே புரிந்தது. டீசல் நல்ல டீசல். எஞ்சின் நல்ல எஞ்சின். கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டாக்டர் கைவிளக்கோடு வண்டிக்கடியில் புகுந்தார். டேங்குக்குப் பக்கத்தில் போனதும் உள்ளேயிருந்து பழைய கம்பீரத்தோடு குரல் வந்தது.

"எவன் கை வச்சது இதுல? கிளிப் போட வேண்டிய எடத்துல கம்பிய சுத்தி வச்சிருக்கான். இறுக்கின இறுக்குல ரப்பரே வெட்டுப்பட்டிருக்கு. டீசலோட சேத்து காத்தையும் இழுக்குது, அப்புறம் எப்படி உதறாம..."

குரல் பாதியில் நின்றது. விளக்கு வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். கம்பி முறுக்கின் மேல் சிவப்புப் பொட்டு இருந்தது.

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீங்கதான் மாப்ள. டேங்கைக் கழட்டிக் கழுவினீங்களே, அப்ப. அதுக்கப்புறம்தான் உதற ஆரம்பிச்சது. அதைத்தான் முதல் நாளே சொல்ல வந்தேன்." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

இந்த நாளுக்காக நான் காத்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே வடிந்துவிட்டது. அக்கா மெத்தையை விட்டு மெல்ல எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த பழைய எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது?" என்றார்.

மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தங்கையிடம் சொன்னார்: "வீட்டுல டீசல்தான் காரணம்னு சொல்லிடறேன். நான்தான் கண்ட எடத்துல போட்டுட்டேன்னு. உன் அண்ணி என்னத்தான் திட்டுவா, எனக்குப் பழகிப்போச்சு."

சற்று முன் டேங்க் டீசலை உறிஞ்சித் துப்பி, அந்தப் பழி பொய் என்று நிரூபித்த மனிதர், தங்கைக்காக அதையே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். வண்டிக்கு வெளியே டாக்டரின் கால்கள் மட்டும் தெரிந்தன. கிடைத்த வழியை அவர் விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"டீசல்ல ஒண்ணும் இல்ல மச்சான்" என்றார். பிறகு பச்சை மெத்தையைப் பார்த்தார். "அதுலயும் ஒண்ணும் இல்ல."

புதுக் குழாய் போட்டுக் கிளிப் மாட்டினார். பொட்டு வைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, "வாங்க, வீட்டுல நானே சொல்லிக்கிறேன்" என்றார். அக்காவும் ஏறிக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் போயிற்று. மறுநாள் அக்கா வந்து சொன்னார், அண்ணி நிறையவே பேசினாராம். இவர் கடைசிவரை நின்று கேட்டாராம். ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லையாம்.

பழைய எஞ்சின் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அதை மச்சானுக்கே திருப்பி மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மெத்தையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

நேற்று ஒரு வேன் வந்தது. டாக்டர் மூடியைத் தூக்கினார். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எவன் கை வச்சது இதுல?" என்றார். அதே குரல்தான். ஆனால் கேட்டுவிட்டு, டிரைவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தார்.